தடைக்காலத்துக் கொய்யா

மண்டபத்தில் எங்கள் வீட்டுக் கிணறு
பதினோரு அடியில் நல்ல தண்ணீர்
பதின்மூன்றில் கடல்.
இடையில் கிடக்கும் இரண்டடியைத்தான்
வருஷம் முழுக்கப் பங்கு போடுகிறோம்
நான், கொய்யா, எலுமிச்சை, சப்போட்டா,
கம்பிவேலிக்கு அப்பால் டெல்மாவின் முருங்கை.
முருங்கை கேட்பதில்லை
எடுத்துக்கொள்கிறது.

ஐப்பசியில் யாருக்கும் அறிவு தேவையில்லை.
மணல் குடிக்கிறது, விட்டால் விடியும்வரை குடிக்கும்.
உடைந்த மீன்கூடையில் தூவிய தண்டங்கீரை
மூன்றாம் நாள் சிவந்து எட்டிப் பார்க்கும்.
பாகல், பந்தலுக்குக் காத்திராமல்
துணிக்கொடியில் ஏறி
என் உள்பாவாடையோடு கைகோத்து நிற்கும்.

மார்கழி வாடை உப்பைக் கொண்டுவந்து
வடக்குப் பார்த்த இலைகளில் மட்டும் வைத்துவிட்டுப் போகும்.
ஒரே எலுமிச்சைதான், முதுகு கருகல், வயிறு பச்சை.
விடிகாலையில் ஒரு சொம்புத் தண்ணீரில்
இலை இலையாய்த் துடைப்பேன்
பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுகிற மாதிரி.
"மரத்துக்கு ஞானஸ்நானமா?" என்பாள் டெல்மா
ஜெபமாலையை விரலில் நிறுத்தி.

தையில் அவரை. மாசியில் கத்தரி.
பங்குனி முதல் வாரம் எலுமிச்சம்பூ.
அப்புறம் வாளி கரிக்கத் தொடங்கும்.
என் நாக்குக்குத் தெரியும் முன்பே
மிளகாய்ச் செடிக்குத் தெரிந்துவிடும்.

எனக்கொரு ரகசிய ஆறு உண்டு.
கம்பெனியில் மீன் எடை எழுதுகிறவள் நான்.
இறால் ஏறாத பெட்டியில் மிஞ்சிய ஐஸை,
மீன் தொடாததை,
மீராசா தரையில் கொட்டப் போகும்போது
கண்ணாலேயே நிறுத்துவேன்.
சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டினால்
பாதி, ரோட்டுக்கு.
மீதி, நிழலில் கிடந்து குளிர் அடங்கிய பின்
கொய்யாவுக்கு.
எந்த ஊர்ப் பூமிக்கடியில் இருந்த தண்ணீரோ.

சித்திரை பிறந்ததும் தடைக்காலம்.
விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசி நிற்கும்.
ஐஸ் மில் மோட்டார் நின்ற அன்று
தெருவுக்கே காது அடைத்துக்கொண்டது.
அறுபத்தோரு நாள்.
எனக்குப் பாதிச் சம்பளம்
கொய்யாவுக்கு அதுவும் இல்லை.
அரிசி களைந்தது, முகம் கழுவியது,
எதை ஊற்றினாலும் போதவில்லை.
மீன்கள் சினைப்பட
பிஞ்சுகள் கழன்றன.
நாற்பத்திரண்டு.
எடைக்காரியால் எண்ணாமல் இருக்க முடியாது.

அப்போதுதான் சப்போட்டா.
ஆறு வருஷமாய் ஒரு பூ வைக்காத,
வெட்டிவிடலாம் என்று நானே இருமுறை சொன்ன,
ஐஸ் தண்ணீர் ஒரு துளியும் வாங்கியிராத அது,
வைகாசி வெயிலில் இலைக்கொத்தின் நடுவே
மங்கலாய் ஏழு பூ வைத்தது.
ஏன் என்று தெரியாது.
டெல்மாவிடம் சொல்லவில்லை.
கண் படும் என்றல்ல
சொன்னால் அவள் ஒரு காரணம் சொல்வாள்.

ஆனியில் படகுகள் போயின.
முதல் வரவில் இறால் கொட்டோகொட்டு
ஒரு சில்லு ஐஸ் மிஞ்சவில்லை.
எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்
கொய்யாவை நினைத்துக் கொஞ்சம் குறைவாய்.

ஆடிக் கச்சான் மணலை வாரி இறைத்தது.
ஏழு, நாலானது. நாலு, இரண்டானது.
பழைய வலையை நாலாய் மடித்து மேற்கே கட்டினேன்
காற்றைச் சலித்து உள்ளே விடும் என்று.

இது புரட்டாசி. ஒன்று இருக்கிறது.
கோலிக்குண்டைவிடப் பெரிது, முட்டையைவிடச் சிறிது.
பொறுக்காமல் நகத்தால் கீறிவிட்டேன்
உள்ளே பச்சை. பால் கசிந்தது.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

கிழக்கே இன்னும் எதுவும் கூடவில்லை.
கயிறு பன்னிரண்டு அடி நனைந்து
அரை வாளி கொண்டுவந்திருக்கிறது.
கொய்யாவுக்கா, இதற்கா என்று நிற்கிறேன்.
கம்பிவேலி தாண்டி என் தலையில்
பூவைக் கொட்டுகிறது
யாரிடமும் கேட்காத முருங்கை.