தற்காலிக அடைப்பு

இரவு இரண்டே காலுக்கு அமைச்சர் அழைத்தார்.
"பரனிக்கோ, கொடியை இறக்கு."
எந்தக் கொடி என்று நான் கேட்கவில்லை.
வரவேற்புப் பிரிவில் பதினாறு வருடம்.
இது எனக்கு மூன்றாவது இறக்கம்.

வடக்கே இரண்டு அரசுகள்.
ஒரே பெயர், ஒரே மூதாதை, ஒரே மொழி.
பங்காளிச் சண்டை.
ஒருவர் பந்தியில் அமர்ந்தால்
மற்றவர் இலையை மடித்துவிடுவார்.
நாங்கள் சமைப்பவர்கள்.

எங்களிடம் என்ன இருக்கிறது?
பதினோராயிரம் பேர்,
ஆளுயரத்துக்குச் சற்றே மேலான நிலம்,
கண்ணுக்கெட்டாத தூரம்வரை சூரை மீன்,
உலக சபையில் ஒரு கை.
உயர்த்தினால்
நூறு கோடிப் பேரின் கைக்குப் பக்கத்தில்
அதையும் ஒன்று என்றே எண்ணுகிறார்கள்.
அந்தக் கணக்கின் தயவில்தான்
எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூரை வந்தது.

மத்தளத்துக்கு இரு பக்கமும் அடி என்பார்கள்.
உண்மைதான்.
ஒரு பக்கம் மட்டும் தட்டினால்
யாரும் காசு போடுவதில்லை என்பதும்
எங்கள் நிதித்துறைக்குத் தெரியும்.

விடிவதற்குள்
தண்ணீர்த் தொட்டியின் பலகையைக் கழற்றினேன்.
'நிரந்தர நட்பின் நினைவாக.'
நான்கு திருகாணிகள். அதற்கடியில்
முந்தைய நிரந்தரத்தின் நான்கு துளைகள்,
சற்று அகலமாக.
செவிலி தெரெங்கா வாளியோடு வந்தாள்.
"தண்ணியையும் திருப்பிக் கொடுக்கணுமா?"
மழைத்தண்ணிதானே, என்றேன்.
பிடித்துக்கொண்டு ஓடினாள்.
பிரசவ அறையில் யாருக்கோ நேரமாகியிருந்தது.

காலையில் மகளின் குரல், அந்த நாட்டிலிருந்து.
பொறியியல், மூன்றாம் ஆண்டு.
"விடுதியில் எந்த ஊர் என்று கேட்டால்
இனி என்ன சொல்ல, அப்பா?"
கொடியை மடித்துக்கொண்டே
சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

மதிய விமானத்தில் தூதரகம் கிளம்பியது,
நாற்காலிகளோடு, பல் மருத்துவரோடு.
என் இடது கடைவாய்ப் பல்லில்
வேர்ச்சிகிச்சை பாதியில் நின்றது.
அவர் வரிசையை விட்டு விலகி வந்து
ஒரு சீட்டைக் கையில் திணித்தார்:
'தற்காலிக அடைப்பு. இந்தப் பக்கம் மெல்லாதே.'
வெளியுறவுக் கொள்கையை
இதைவிடத் தெளிவாக எங்களுக்கு எவரும் எழுதித் தந்ததில்லை.

தூதர் யாரையும் பார்க்கவில்லை.
அவர் மனைவி மட்டும் திரும்பி,
நாயை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றாள்.
நான், என்றேன்.
நாய்க்கு அங்கீகாரம் தேவைப்படவில்லை. வண்டியில் ஏறிக்கொண்டது.

விற்றுவிட்டீர்கள் என்று சபையில் கத்தினார்
கடைசித் தீவின் உறுப்பினர் இயோதெபா.
அவர் தீவுக்குப் போகும் ஒரே படகின் எஞ்சின்
நேற்றுவரை இருந்த நட்பு.
உதிரிபாகம் இனி வராது.
யாரும் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது,
மூன்று வருடம் முன்
அவர்தான் அதற்கு ரிப்பன் வெட்டினார்.

கொடியை நான் எரிப்பதில்லை.
அந்துருண்டை போட்டு
அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.
கீழ்த்தட்டிலிருந்து மற்றதை எடுத்து
வெயிலில் உதறினேன்.
ஒரு மூலையில் பூச்சி அரித்திருந்தது.
கம்பத்தின் உயரத்தில் தெரியாது.

ஒன்பதாம் நாள் புதியவர் வந்தார்,
விளையாட்டரங்கின் வரைபடத்தோடு.
பலகையும் கொண்டுவந்திருந்தார்.
இருந்த எட்டுத் துளைகளில் எதிலும் பொருந்தவில்லை.
மறுபடி துளைத்தேன்.

விருந்தில் தேங்காய்ப்பாலில் சூரை.
வலப்பக்கம் மட்டும் மென்றேன்.
எப்படித்தான் மோப்பம் பிடித்ததோ,
நாய் பந்தலுக்குள் வந்து
நேராகப் புதியவரின் நாற்காலிக்குப் போனது.
அவர் சிரித்தபடி, தன் மொழியில்,
ஒரு சொல் சொன்னார்.
உட்கார்ந்தது.
இன்னொரு சொல்.
முன்காலை நீட்டிக் கை கொடுத்தது.

பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.
"இதை யார் பழக்கியது?"
என்னைத்தான் கேட்டார்.
என் வாயில் மீன் இருந்தது.
நல்லவேளை,
நிறைய இருந்தது.