மேல்மாடி, வடக்கு

பதினொன்று,
கழிவறையின் கையகலக் கண்ணாடியையும் சேர்த்தால்.
சேர்க்கத்தான் வேண்டும் என்றான்
அளவெடுக்க வந்த பையன்,
பூட்ஸைக் கழற்றாமல்.

இருபத்து மூவாயிரத்து அறுநூறு டாலர்.
இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் இருபதாயிரம்.
நாளைக்கு அந்த மூவாயிரத்து அறுநூறு
எங்கிருந்து திரும்பி வரும் என்று கேட்டான் ரெய்யோ.
டேப் சடாரென்று தன் கூட்டுக்குள் ஓடியது.

தண்டர் பேயில் நவம்பர்.
ஏரி இன்னும் உறையவில்லை.
அடுக்களை ஜன்னல் உறைந்துவிட்டது, உள்பக்கமாக.
வெண்ணெய்க் கத்தியால் சுரண்டிப் பார்க்கிறேன்:
எதிர்வீட்டு டெசோர்மோ
பனி தள்ளும் வண்டியை உதைத்துக்கொண்டிருக்கிறார்.

எரிவாயு பில் வந்த உறையின் முதுகில்
கணக்குப் போடுகிறோம்.
சேமிப்பு, ஆறாயிரத்து இருநூறு.
ரயில்வே யார்டில் ரெய்யோவின் ஓவர்டைம், தொள்ளாயிரம்.
கூரைக்கென்று வைத்தது, தொடக்கூடாது.
(தொடக்கூடாது என்பதன் கீழ் இரண்டு கோடு, என் கை.)

எல்லாவற்றையும் மாற்றினால்
ஆண்டுக்கு முந்நூற்று நாற்பது டாலர் மிச்சமாம்.
இருபதாயிரத்தை வகுத்துப் பார்த்தேன்.
ஐம்பத்தெட்டே முக்கால் வருடம்.
எனக்கு இப்போது அறுபத்தொன்று.
நூற்றிருபதை எட்டும்போது
லாபம் பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

அப்படியானால் மூன்று. இந்த வருடம் மூன்றே மூன்று.
ரெய்யோவுக்குக் கூடத்துப் பெரிய ஜன்னல்.
தெருவுக்குத் தெரிவது அதுதானே என்கிறான்.
தெரு வந்து நம் பில்லைக் கட்டுமா என்கிறேன்.

டிஷ்யூ தாளில் ஒரு கீற்றுக் கிழித்து
சட்டம் சட்டமாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
கூடத்தில் அது அசையவே இல்லை.
அடுக்களையில் லேசாகத் தலையாட்டியது.
மேல்மாடி வடக்கு அறையில்
என் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிற்று.

தைமியின் அறை.
அவள் கால்கரிக்குப் போய் ஆறு வருடம்.
கதவைச் சாத்தி அடியில் துண்டைச் சுருட்டி வைத்தால்
செலவு பூஜ்யம்.
பட்டியலில் அதற்குப் பதினொன்றாம் இடம்.

மற்றதற்கெல்லாம் இருக்கவே இருக்கிறது
பிளாஸ்டிக் தாளும் ஹேர் டிரையரும்,
ஜன்னலுக்கு ஒன்பது டாலர்.
காற்று அடிக்கும் இரவுகளில் அது
உப்பும், ஒட்டும், உப்பும்.
வீட்டில் இன்னொருவர் தூங்குவது போல.

வியாழக்கிழமை தைமி கூப்பிட்டாள்.
வேலை போய்விட்டது.
கொஞ்ச நாள் வந்து இருக்கட்டுமா என்றாள்.
கொஞ்சம் என்பதற்கு
சின்ன வயதிலிருந்தே அவள் அளவு சொன்னதில்லை.
வாயேன், ஆனால் உன் அறை குளிருமே என்று இழுத்தேன்.
கோட்டைப் போட்டுக்கொண்டு தூங்குவேன்,
எப்பவும் அப்படித்தானே, என்றாள்.

எப்பவுமா?

எட்டாம் வகுப்பிலிருந்து, அம்மா.
ராத்திரி நீங்கள் இரண்டு பேரும் கீழே
பில்லை வைத்துக்கொண்டு பேசுவது கேட்கும்.
அதனால் சொல்லவில்லை.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.
போனை ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு.

ரெய்யோ பென்சிலைத் தேடினான்.
காதில்தான் இருந்தது.
பதினொன்றை அடித்தான்,
ஒன்று என்று போட்டான்.
கூடத்து ஜன்னலுக்கு நேரே ஒரு கோடு இழுத்து
எதுவும் எழுதாமல் விட்டான்.

வேறொரு கம்பெனிக்கு நானே போன் செய்தேன்.
மூன்றடுக்குக் கண்ணாடி.
விலை நியாயமே இல்லை;
பேரம் பேச மறந்துபோனேன்.
வந்து பொருத்த ஆறு வாரம் ஆகுமாம்.
அவள் வருவது பத்து நாளில்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை
மாடியில் நிற்கிறோம்,
அவள் கட்டிலின் மேல், செருப்பில்லாமல்.
அவன் கையில் ஹேர் டிரையர்.
தாளின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக இறுகி மறைகின்றன.
இன்னும் அந்த மூலை என்கிறேன்.
கீழே. இல்லை, இன்னும் கீழே.
அந்த மூலை.