ஊற்றுக்கால்

செவ்வாய்க்கிழமை. நாற்பத்திரண்டாம் டோக்கன்.
மேல்விஷாரம் கலீமுல்லா.
வலது பாதத்தின் அடியில்
ஐந்து ரூபாய்க் காசளவு பள்ளம்.
வலியே இல்லை என்கிறார்,
அதுதான் எனக்கு பயம்.

"முப்பத்தோரு வருஷம் தோல் மண்டி, டாக்டரம்மா.
கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே
எது ஷூவுக்கு, எது கையுறைக்கு,
ஆடு எந்த முள்வேலியில் உரசியது, சொல்வேன்.
இந்த ஒரு தோலைத்தான் திருப்பிப் பார்க்கவில்லை."

ஓரத்தைச் சுரண்டுகிறேன்.
ரத்தம் வரவேண்டும்.
வரவில்லை.

மிளகளவு சதை மாடிக்குப் போகிறது.
சாயம், கண்ணாடித் தகடு, இரவு ஒன்பது மணி,
கீழே காட்பாடி பஸ்ஸின் ஹாரன்.
ரத்தக்குழாயின் உட்சுவரை
வெகுகாலம் மொட்டையாகத்தான் வரைந்தார்கள்.
தகட்டுக்காகக் கழுவிய கழுவலிலேயே
கரைந்து போயிருந்தது
அதில் முளைத்திருந்த புல்.

சர்க்கரைப் புல்.
நாக்குக்கு இனிக்காத சர்க்கரை,
இழை இழையாகச் செல்லின் மேல் நிற்பது.
மூச்சுமுட்டும் சதை அனுப்பும் சேதி
மிதந்து வரும்போது
அடித்துப் போகவிடாமல் பிடித்து
செல்லின் காதில் வைப்பது அதுதான்.
கேட்ட ஒரு செல்
வரிசையை விட்டு முன்னால் நகரும்,
விரல் நீட்டித் தடவும்.
மற்றவை பின்னால்.

போன சித்திரையில்
பாலாற்று மணலில் கால் பிடித்தார்கள்.
முன்னால் நின்றவன் மண்வெட்டியைத் தோளில் போட்டு
கால்விரலால் ஈரத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.
எட்டுப் பேர் பேசாமல் நின்றார்கள்
அந்த ஒரு கட்டைவிரலுக்காக.

"சர்க்கரையால் வந்த புண் என்றீர்கள்.
ஆற்றுவதும் சர்க்கரை என்றால் எப்படி?"

ஓடுகிற சர்க்கரை மிஞ்சினால்
நிற்கிற சர்க்கரையை உரித்துக்கொண்டு போகும், என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"சுண்ணாம்புக் குழியில் மயிர் கழலுமே,
அப்படியா?"

அப்படித்தான்.
அன்றிரவு படித்தேன்:
சுண்ணாம்பு மயிரோடு விடுவதில்லை,
நாருக்கு நடுவே இருக்கும் இதே சர்க்கரையையும்
இளக்கி எடுத்துவிடுகிறது.
பிறகுதான் குரோம் உள்ளே இறங்கும்.
பதமான தோல் அழுகாது.
ஆறவும் ஆறாது.
முப்பத்தோரு வருஷம்
அவர் தடவியதெல்லாம் அதைத்தான்.
இதை அவரிடம் சொல்லவில்லை.

மாவுக்கட்டு, இன்சுலின்,
பிரியாணியைப் பற்றி ஒரு சண்டை,
ரம்ஜான் நோன்பைப் பற்றி இரண்டு.
ஒன்பதாவது வாரம்
பள்ளத்தின் தரையில்
மாதுளை முத்துப்போல் பொடிப்பொடியாகச் சிவப்பு.
ஓரத்தில் கத்தி பட்டது.

ஒரு சொட்டு.

பஞ்சை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.
நர்ஸ் ஸெலினா என்னைப் பார்த்தாள்,
"மேடம், துடைக்கலாமா?"

அவர் புண்ணைப் பார்க்கவே இல்லை.
குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"எவ்வளவு கொடுத்தீர்கள் இந்த ஷூவுக்கு?
ஏமாற்றிவிட்டான், டாக்டரம்மா.
இது ரெக்ஸின்."