கயிறு கட்டும் பருவம்

மிர்கோ,
ஞாயிறன்று என் தட்டு மேசைக்கு வருமுன்பே
ஆட்டுக்கறியைத் துண்டு துண்டாக நறுக்கியிருந்தாய்.
உன் அக்கா பார்த்தாள். அவள் பிள்ளைகள் பார்த்தார்கள்.
ஒன்றும் சொல்லாமல் தின்றேன்.
அந்த ஒன்றும் சொல்லாததைத்தான்
இரவு முழுக்க நமக்கு நடுவில் படுக்க வைத்திருந்தேன்.

காலையில் சொன்னேன்:
அடுப்பை அணைத்துவிட்டு வா. உட்கார்.
என் இடது கை மரத்துப்போவது
எல்லா நாளும் இல்லை.
நேற்று அது விழித்துத்தான் இருந்தது.
நீ கேட்டிருக்கலாம்.

கேட்டால் 'பரவாயில்லை' என்பாய், என்றாய்.
நான்கு வருடமாக ஒரே பதில்.
நரம்பு மருத்துவரிடம் நீ சொல்வதை
கதவுக்கு வெளியே நின்று கேட்டுத்தான்
உனக்கு எங்கே வலிக்கிறதென்று தெரிந்துகொள்கிறேன்,
திருடனைப் போல.

ஒரே மாத்தே கோப்பையை
மாற்றி மாற்றி உறிஞ்சினோம்.
கசப்பு அடியில் தங்கியிருந்தது.

மதியம் மூன்று மணிக்குமேல்
எனக்குள் யாரோ மெயின் சுவிட்சை இறக்கிவிடுகிறார்கள்.
அது சோம்பல் இல்லை, உன்மேல் கோபமும் இல்லை.
குளியலறையில் நான் வெகுநேரம் இருப்பது
அழுவதற்கு அல்ல,
காலுறை மாட்ட.
சில நாள் அழுவதற்கும்தான்.

நீ சிரித்துவிட்டாய். நானும்.
அப்புறம்,
எனக்குப் பயமாயிருக்கிறது எதெல்மீரா, என்றாய்.
அதற்குமேல் உனக்கு வார்த்தை வரவில்லை,
படகு எஞ்சின் இருமுவதைக் கேட்டே
பழுது எங்கே என்று சொல்கிறவனுக்கு.

ரொட்டி தீர்ந்திருந்தது. வெளியே வந்தோம்.
எட்டு மாதமாக விலைச்சீட்டுகூடக் கிழிக்காத கைத்தடி
கதவுக்குப் பின்னாலேயே நின்றது.

மகெல்லன் ஜலசந்தியிலிருந்து வந்த காற்று
குப்பைத்தொட்டி ஒன்றைத் தெருவில் ஓட்டிக்கொண்டு போனது.
வசந்தம்தானே,
சதுக்கத்து முனையில் நகராட்சி ஆட்கள்
கயிறு கட்டியிருந்தார்கள்.
வங்கி மேலாளர் பிடித்துக்கொண்டு போனார்.
பள்ளிப் பையன்கள் இருவர்,
தொப்பியைக் காற்றுக்குக் கொடுத்த ஒரு போலீஸ்காரர்.
யாரும் யாரிடமும்
'பார்த்து, பார்த்து' என்று சொல்லவில்லை.

நானும் பிடித்தேன்.
நீ இரண்டடி பின்னால்.
கையை நீட்டாமலிருக்க நீ படும் பாடு
என் முதுகுக்குத் தெரிந்தது.

முனையில் கயிறு முடிந்தது.
ரொட்டிக்கடை இன்னும் பத்துப் பன்னிரண்டு எட்டு.
வேண்டுமா, என்றாய்.
காற்றில் பாதிதான் கேட்டது.

வேண்டாம், என்றேன்.
நான்கு எட்டு வைத்தேன்.
ஐந்தாவதில்,
வேண்டும்.