நாலடிப் பனி

குழுவில் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர்.
பெயர்: பச்சை இலைக்கு விலை.
நான்தான் அட்மின்.
செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று போட்டதும்
கட்டைவிரல் முந்நூறு விழுந்தது,
கைகூப்பு அதற்கும் மேல்.
ஒருவர் மட்டும் தவறுதலாகப்
பிறந்தநாள் கேக் அனுப்பினார்.

காலை ஒன்பதரை, கோத்தகிரி மார்க்கெட் முக்கு.
எண்ணினேன்: பதினான்கு.
நாயைச் சேர்த்தால் பதினைந்து.
மழையா பனியா என்று முடிவெடுக்காத ஒன்று
ஸ்வெட்டருக்குள் ஊறிக்கொண்டிருந்தது.
போஜண்ணன் முன்னால் நின்றார்.
வெள்ளை முண்டாசு, கையில் அட்டை.
கிலோ பதினாலு ரூபாயில்
பறிகூலி போக, உரம் போக, மிச்சம் என்னவென்று
மகளின் ஸ்கெட்ச் பேனாவால் கணக்குப் போட்டிருந்தார்.
விடை எழுத அட்டையில் இடம் போதவில்லை.

ஒரே ஒரு படம் எடுத்தேன்.
பதினான்கு பேர்,
அவர்களுக்குப் பின்னால் வெள்ளையாய்ப் பனி.

பத்து மணிக்குள் அது மலையிறங்கிவிட்டது.
ஒரு கட்சியின் பக்கத்தில்
'ஆயிரக்கணக்கில் திரண்டனர்'.
மீதிப்பேர் பனிக்குள் நிற்கிறார்களாம்.
இன்னொரு கட்சியின் பக்கத்தில்
'பிசுபிசுத்தது போராட்டம்'.
பனிக்குப் பின்னால் ஒருவருமில்லையாம்.
ராத்திரி சேனலில் நாலு பேர்
அந்தப் பனியை வைத்து ஒரு மணி நேரம் கத்தினார்கள்.
கோத்தகிரியைக் கொடைக்கானல் என்றார் ஒருவர்;
மற்ற மூவரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

பொய் சொல்ல மாட்டேன்,
அன்றிரவு எனக்குக் குளிரே தெரியவில்லை.
இரண்டு லட்சம் பார்வை.
எண் ஏறுவதைப் பார்த்தபடி
சோற்றைக் குழையவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விலை ஒரு ரூபாய் ஏறியது.
ஏற்றியது தாங்கள்தான் என்று
மூன்று தலைவர்கள் மூன்று போஸ்டரில் சிரித்தார்கள்.
மூன்றிலும் மூலையில் என் படம்.

திங்கட்கிழமை ஃபேக்டரித் தராசில்
போஜண்ணன் மூட்டையை மட்டும்
முற்றல் இலை என்று திருப்பிவிட்டார்கள்.
மறுநாளும்.
அதற்கு மறுநாள் சூப்பர்வைசர் போனை நீட்டி,
இரண்டு விரலால் முகத்தைப் பெரிதாக்கி,
'இது நீதானே?' என்றாராம்.

அன்றைக்குத்தான் குழுவின் பட்டியலைக்
கடைசிவரை தள்ளிப் பார்த்தேன்.
முகப்பில் ரோஜாப்பூ, பெயரில்லாத எண்,
ஒருநாளும் வாய் திறக்காதவர்.
சேர்த்தது யாரென்று பார்த்தால்
நான்.

போஜண்ணன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
ஜீப் வாடகை கொடுத்து
குன்னூர்ப் பக்கம் ஒரு ஏஜெண்டிடம்
பத்து ரூபாய்க்குப் போடுகிறார்.
இன்று விடியுமுன் குழுவில்
சாம்பல் எழுத்தில் ஒரு வரி:
போஜன் வெளியேறினார்.
அதன் கீழேயே யாரோ
இனிய காலை வணக்கம், சூரியகாந்தி.

படத்தை அழுத்திப் பிடித்தேன்.
'அனைவருக்கும் நீக்கு' வரவில்லை, நாளாகிவிட்டது.
'எனக்கு மட்டும் நீக்கு' இருந்தது.
எனக்கு மட்டும் நீக்கி?

திறந்து திறந்து பார்க்கிறேன்.
நல்ல போன்; இந்தத் தீபாவளிக்கு வாங்கியது.
அட்டையில் கூட்டல் கழித்தல் தெரிகிறது,
காதோர நரை தெரிகிறது.
பனி அன்றைக்கு
இன்னும் நாலடி முன்னால் வந்திருக்கலாம்.