எட்டாம் தடம்

புக்கிட் ஜாலில் நீச்சல் அரங்கில்
திரும்பும் சுவருக்கு மேலே நிற்கிறேன்.
வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை,
நேற்றிரவு தேய்த்து வெளுத்த கேன்வாஸ் காலணி.
திங்கள் முதல் வெள்ளிவரை
பூச்சோங்கில் ஒரு பல் மருத்துவரின் கணக்கு வழக்கு.
சனி ஞாயிறு
எட்டாம் தடத்தின் இரண்டரை மீட்டர்ச் சுவர்.

பெண்கள் இருநூறு மீட்டர், மார்பு நீச்சல்.
தகுதிச் சுற்று, முதல் குழு.
வேகம் குறைந்தவர்களை முதலில் இறக்கிவிடுவார்கள்.
பார்க்க வந்த கூட்டம் இன்னும்
வெளியே நாசி லெமாக் வரிசையில்.

அறிவிப்பாளர் அவள் பெயரை
மூன்று துண்டாக்கித் தந்தார்.
மாலைவன். லாவோஸ்.
மாலை என்று தொடங்கியதும் கொஞ்சம் நிமிர்ந்தேன்,
யாரோ தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைபோல.
கடலில்லாத நாடு.
இடது தோளில் நீல நாடா, ஓரம் பிரிந்து.
பட்டியலில் அவள் நேரம் 3:04.

ஒலி. பாய்ச்சல்.

மற்ற நீச்சல்களில் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகலாம்.
இதில் கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும்.
கைநீட்டி, விலக்கி, நெஞ்சுக்கு அள்ளி,
தலை தூக்கி ஒரு வாய்க் காற்று,
மறுபடி நீட்டி.
பிள்ளைகள் தவளை என்பார்கள்.
எனக்கோ, முடிவேயில்லாத ஒரு வீட்டில்
ஒருத்தி அறை அறையாகத்
திரைச்சீலை விலக்கிப் போவதுபோல் இருக்கும்.

ஐம்பதில் வந்தாள். இரு கையும் சுவரில்,
ஒரே தட்டு. சரி.
போனாள்.

நூறு எதிர்ப்பக்கம், என் பொறுப்பில்லை.
அதற்குள் நடுத்தடத்துச் சிங்கப்பூர்க்காரி
அரைக்குளம் முன்னால்.
எட்டாம் தடத்தில் அவள் கிளப்பிய அலை
ஓரத்தில் மோதி அவளுக்கே திரும்பி வந்தது.

நூற்றைம்பது.
வாய் அகலத் திறந்து வருகிறாள்.
வலக்கை தொட்டது.
பிறகு இடக்கை.

பிறகு என்றால் எவ்வளவு?
குழாய் நுனியில் தொங்கும் நீர்
சொட்டாவதற்கு முன்.
விதி ஒரே உயரம் கேட்கவில்லை,
ஒரே நேரம் கேட்கிறது.

ஏழாம் தடத்து சுலைஹா
தன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
கேமரா இந்த மூலைக்கு வருவதில்லை.
கடைசியாக வருகிறவள்,
யார் இடத்தையும் பிடிக்கப்போவதில்லை.
நான் சும்மா இருந்தால்
யார் வீட்டு அடுப்பும் அணையாது.

கை எழுந்தது.
நான் எழுப்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

தலைமை நடுவர் காதருகே வந்து கேட்டார்:
நிச்சயமாகப் பார்த்தாயா?
பார்த்தேன்.
எந்தக் கை பிந்தியது?
இடது.
நீல நாடாவுக்குப் படிவத்தில் கட்டமில்லை.

அங்கே, தூரத்தில், அவள் முடித்தாள்.
2:58.
தடக்கயிற்றின்மேல் வயிற்றைப் போட்டுக்
குப்புறத் தொங்கிக்கொண்டு சிரித்தாள்.
ஐம்பது மீட்டருக்கு அப்பாலும் பல் தெரிந்தது.
கைதட்ட ஆளில்லாததால்
தனக்குத்தானே தண்ணீரைத் தட்டினாள்.
பலகை இன்னும் எண்களையே காட்டியது.
காட்டட்டும் என்று நினைத்தேன், நானே எழுதிக்கொடுத்தவள்.
பிறகு எண்கள் போய்
இரண்டு எழுத்து வந்தது.

இடைவேளை. காகிதக் கோப்பையில் தே ஓ.
நடைவழியில் எதிரே வருகிறாள், துண்டு போர்த்தி.
பயிற்சியாளர் ஏதோ சொல்லி என்னைக் காட்டினார்.
நின்றாள்.
திட்டு விழும் என்று கழுத்தை விறைத்துக்கொண்டேன்.

இரண்டு கைகளையும்
நெஞ்சுக்கு நேரே சேர்த்தாள்.
அங்கேயும் வணக்கம் இப்படித்தான் போலும்.
இடது இம்மியும் பிந்தவில்லை.

என் ஒரு கையில் தே ஓ, சூடு விரலைச் சுட்டது.
மற்றதை மட்டும் தூக்கி
நெஞ்சருகே வைத்தேன்.
எந்தச் சுவரிலும் செல்லாது அது.
அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்,
தரையில் ஈரப் பாதம், பாதம், பாதம்.

விசில்.
அடுத்த போட்டியில் எட்டாம் தடத்துப் பெண்
காய்ச்சலில் வரவில்லையாம்.
ஆனாலும் நிற்க வேண்டும்.
குனிந்து பார்க்கிறேன்.
யாருமில்லாத தண்ணீர்
வந்து வந்து தொடுகிறது,
எந்தக் கை முந்தியது என்று
சொல்ல முடியாதபடி.