குறிப்பில் திருத்தம்

சமூக மன்றம், மூன்றாம் மாடி, அறை நான்கு.
குளிர்சாதனம் பதினெட்டில் நிற்கிறது,
ரிமோட் எங்கே என்று யாருக்கும் தெரியாது.
குடிமக்கள் ஆலோசனைக் குழு, பதினான்கு பேர்:
குலுக்கலில் வந்தவர்கள் ஒன்பது,
புகார் எழுதி வந்தவர்கள் ஐந்து.
நான் குலுக்கல்.
பேருந்து முனையத்தில்
ஓட்டுநர்களுக்கு நேர அட்டவணை போடுகிறவள்.
புல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
சனிக்கிழமை காலை ஏழரைக்கு அது இரையும்.

பொருள் ஒன்றுதான்.
செம்பவாங்கில் எங்கள் புளோக்குக்கும் கால்வாய்க்கும் நடுவே
நாலு ஏக்கர் வெற்று நிலம்.
இயந்திரம் வெட்டுவதா, ஆடு மேய்வதா?

வெற்று இல்லை, என்றார் ரொஸ்னா.
அங்கேதான் அவர் பூனைகளுக்குச் சோறு வைக்கிறார்.
கோ பெங் ஹுவாட் பட்டம் விடுகிறார்.
ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டு ஊழியர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்
என்றது பின்வரிசைக் குரல்.
கணக்காகச் சொன்னதா, குறையாகவா?
குறிப்பெழுதும் பெண் இரண்டு விதமாகவும் எழுதி
ஒன்றை அடித்தாள்.

வேலியோரப் பலகை
நான்கு மொழியில் ஒன்றையே சொல்கிறது:
அரசு நிலம்.
நம்மிடம் இதற்குப் பழைய சொல் ஒன்று உண்டு,
புறம்போக்கு.
எல்லாருக்குமான மண்ணின் பெயரை எடுத்து
ஆளைத் திட்ட வைத்துக்கொண்டோம்.
இதை அங்கே சொல்லியிருக்கலாம்.
கையைத் தூக்கவில்லை.

லிம் சூ காங் பண்ணைக்காரர் சியா
பன்னிரண்டு ஆடு தருவதாகச் சொன்னார், ஒரு மாதச் சோதனை.
பிழுக்கையை யார் அள்ளுவது?
கொசு வருமா? காப்புறுதி யார் பேரில்?
ஆடு பேருந்தில் ஏறிவிட்டால்?
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
தொண்ணூறு சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் இலவசம்,
என்றேன்.
எட்டு மாதத்தில் அறை சிரித்தது அந்த ஒரு முறைதான்.

முல்லைக்கு உரியது இருத்தல் என்று
உயர்நிலை மூன்றில் மனப்பாடம் செய்தேன்.
காத்திருக்கிறவள் தலைவி என்றுதான் ஆசிரியர் சொன்னார்.
மேய்ச்சல் நிலத்துக்கு
ஏழு கூட்டம், மூன்று ஒத்திவைப்பு, ஒரு கள ஆய்வு ஆகும் என்று
சொல்லவில்லை.

கள ஆய்வன்று மழை.
பதினான்கு குடை ஓரிடத்தில் நின்று
லாலாங்கை மரியாதையாகப் பார்த்தது.
தள்ளி, நெகிழித் தாளைப் போர்த்திக்கொண்டு
புல்வெட்டியோடு பிரபீர்.
ஆறு வருடமாக இந்த நாலு ஏக்கரும் அவர் கையில்.
அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.
நான் கேட்டது நல்லெண்ணத்தால் அல்ல, தொழில் பழக்கம்:
ஆடு வந்தால் உங்கள் வேலை நேரம் யாருக்குப் போகும்?

அவர் வேலையைப் பற்றிப் பேசவில்லை.
முற்றின லாலாங்கை ஆடு தொடாது, என்றார்.
முதலில் நான் ஒரு வெட்டு வெட்டணும்.
தளிர் வரும். அப்புறம் விடுங்கள்.
கால்வாய்ப் பக்கம் வேண்டாம்,
அங்கே தரையில் ஒரு குருவி கூடு கட்டும்,
பெயர் தெரியாது.

படிவத்தில் மூன்று கட்டம்:
குடியிருப்பாளர், அதிகாரி, பண்ணையாளர்.
பிரபீர் எந்தக் கட்டத்திலும் நுழையவில்லை.
பேசாமல் என் பெயருக்கு நேரே எழுதிக் கொடுத்தேன்.

எட்டாவது கூட்டத்தில்
"உறுப்பினர் இன்பவல்லியின் நுட்பமான யோசனை" என்று
தலைவர் வாசித்தார்.
கைதட்டினார்கள்.
காது சுட்டது, பதினெட்டு டிகிரியிலும்.
எட்டுக்கு ஆறு. தீர்மானம் நிறைவேறியது.
ஆலோசனை மட்டுமே, முடிவு மேலிடத்தில்,
என்றது கடைசி வரி, சின்ன எழுத்தில்.

இன்று சனிக்கிழமை. ஏழரை. இரைச்சல்.
சமையலறை ஜன்னலில் இருந்து பார்க்கிறேன்,
கால்வாயோரம் ஒரு பட்டை உயரமாகவே நிற்கிறது.
ஆடு இன்னும் வரவில்லை.

என் பெயரில் நிற்கும் அந்த வரியைத் திருத்தக் கேட்டு
எழுதியிருக்கிறேன்.
ஒன்பதாவது கூட்டத்தில் எடுப்பார்களாம்.
திருத்தங்கள் எப்போதும் கடைசிப் பொருள்.
அதற்குள் பெரும்பாலும்
அடுத்த வகுப்புக்காரர்கள் யோகா பாயோடு
கதவைத் தட்டிவிடுகிறார்கள்.